குனிஞ்ச ஓவர்சியரும் வெடிக்காத குழியும்

உலகமே வானம்பாடியை அண்ணாந்து பார்க்கும். குனிந்து பார்த்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் குனிஞ்ச ஓவர்சியர்.

ஐம்பதுகளின் கடைசியில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைப் பாறைக் குன்றில் ரோடு ஜல்லிக்காகக் கல் உடைத்துக்கொண்டிருந்தோம். உடைத்தோம் என்று பெருமைக்குச் சொல்கிறேன். நான் கொட்டகை நிழலில் கணக்கு எழுதினேன். ஓவர்சியர் வேலையைப் பார்க்க வேண்டியவர்; தரையைப் பார்த்தார். இடுப்பில் கோளாறு என்று சிலரும், புதையல் தேடுகிறார் என்று பலரும் சொன்னார்கள். அவர் தேடியது சிட்டுக்குருவி அளவுகூட இல்லாத வானம்பாடியின் கூட்டை.

அந்தப் பறவையில் ஆணுக்கு வயிறு கறுப்பு. விசில் அடித்துக்கொண்டே மேலே ஏறும். இறக்கையை மடக்கிக்கொண்டு அப்படியே விழும். செத்தது என்று நாம் பதறும்போது மறுபடி ஏறும். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

"மேல பாக்காதீங்க கணக்குப்பிள்ளை. அவன் நம்மள ஏமாத்திக்கினு இருக்கான். சம்சாரம் கீழ இருக்குது" என்பார் ஓவர்சியர்.

பெட்டை மண் நிறம். கூட்டில் நேராக வந்து இறங்காது. தள்ளி இறங்கி, ஒன்றும் தெரியாதது போல ஓடிப்போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சாமர்த்தியத்தின் மேல் ஓவர்சியருக்கு அபார மரியாதை. அவரும் விழுப்புரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடப்பதாகக் கேள்வி.

கடைசியில் கூடு அகப்பட்டது. ஒரு கல்லின் ஓரத்தில் சின்னப் பள்ளம், கொஞ்சம் புல், விளிம்பில் பொடிக்கற்கள், உள்ளே இரண்டு முட்டை. கூடு என்பது மரியாதைக்குச் சொல்வதுதான். யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று, பக்கத்தில் ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டி நட்டுவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வந்துவிட்டார்.

கல்குவாரியில் சிவப்புத் துணிக்கு ஒரே அர்த்தம்தான். மருந்து வைத்த குழி வெடிக்காமல் கிடக்கிறது. நட்டவர் வந்து எடுக்கும்வரை ஒருவரும் கிட்டே போகக் கூடாது. சந்தோஷத்தில் இது மறந்துவிட்டது என்று பிற்பாடு ஓவர்சியர் சொன்னார். நான் நம்பவில்லை.

மறுநாள் அந்தப் பக்கம் வேலை நின்றது. பழி விழுந்தது வெடிக்காரர் முனுசாமி மேல்.

"அந்தாண்ட நான் குழியே போடலைங்க" என்று முதலில் அடித்துச் சொன்னார். அப்புறம், "போட்ட ஞாபகம் இல்லைங்க" என்றார். அதற்கும் அப்புறம், "போட்டேனோ இன்னாவோ, ஒரே பேஜாரா இருக்குதுங்க" என்று சோற்றைத் தள்ளி வைத்துவிட்டார். ஓவர்சியர் அவர் முகத்தைப் பார்க்காமலே நடமாடினார்.

நாலைந்து நாள் கழித்துச் சேதி கேட்டு முதலாளி விழுப்புரத்திலிருந்து ஜீப்பில் வந்து குதித்தார்.

"வெடிக்காத குழிய உட்டுட்டு இன்னாய்யா பண்ணிக்கினு இருந்தே? நாளையிலேர்ந்து நீ வராதே!"

முனுசாமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அப்போதுதான் ஓவர்சியர் நிமிர்ந்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். ஆள் நல்ல உயரம்.

"முனுசாமி மேல தப்பு இல்லைங்க. அது என் கொடிங்க" என்று சொல்லிவிட்டு நேராகக் கொடியை நோக்கி நடந்தார். நாங்கள் பாறைகளுக்குப் பின்னால் பாய்ந்தோம். முதலாளி ஜீப்புக்கு அடியில் போனார். ஓவர்சியர் கொடிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கையசைத்தார்.

"வாங்க. மெதுவா வாங்க. செருப்பு சத்தம் வேணாம்."

பள்ளத்தில் இரண்டு குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. முதலாளியும் வாயைத் திறந்தார்.

"இதுக்கா என் வேலை நின்னுது? யோவ் முனுசாமி, கொடியப் புடுங்கு!"

முனுசாமி ஓவர்சியரை முறைத்தார். அறை விழப் போகிறது என்று நினைத்தேன்.

"நான் நட்ட கொடி இல்லைங்களே, மொதலாளி. நட்டவங்கதான் எடுக்கணும். தொழில்ல அப்பிடித்தாங்க" என்றார். மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். முதலாளிக்கே தொடக் கை வரவில்லை.

"அப்ப நீ எடுய்யா!" என்று ஓவர்சியரிடம் திரும்பினார்.

"குஞ்சுங்க இன்னும் ஓட ஆரம்பிக்கலைங்களே."

அன்று சாயங்காலமே ஓவர்சியருக்கு வேலை போயிற்று. நட்டவரையே அனுப்பிவிட்டதால் கொடியை எடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. முனுசாமி தினமும் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "சுத்திக்கினு போங்க" என்று எல்லோரையும் விரட்டினார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனுசாமி வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். ஓவர்சியர் கதவைத் திறந்ததும், "ரெண்டும் ஓடிடுச்சுங்க. ஒண்ணு பறக்கவே பறந்துடுச்சு. நீங்க வந்து கொடிய எடுத்துக் குடுங்க சார், வேலையப் பாக்கணும்" என்றார்.

துணைக்கு நானும் போயிருந்தேன். துணை என்பது சும்மா பேச்சுக்கு. அந்த மனிதர் இல்லாமல் எனக்கு அந்தக் குன்றே பிடிக்கவில்லை.