முள் ஏன் இடது பக்கமே சாய்கிறது?

முள் இன்றும் இடது பக்கம் சாய்ந்திருந்தது. பராசரன் தலையில் கை வைத்துக்கொண்டு வேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

ஓடுகிற வண்டிக்குள் செங்குத்து எது என்று கண்டுபிடித்து முள்ளால் காட்டுகிற பெட்டி அது; வண்டி சமமாக நின்றால் முள் நடுவில் நிற்க வேண்டும். நூலில் குண்டு கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பஸ் திரும்பும்போது நாம் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் போய் விழுகிறோமே, குண்டும் அப்படித்தான் ஏமாறும். அதனால் பராசரனின் பெட்டி அவசரப்படாது. கிளம்பிய முதல் அரைமணி வண்டியின் போக்கைப் பார்த்து, 'இதுதான் கீழே' என்று மெல்ல மனசில் பதித்துக்கொள்ளும். பதித்ததை லேசில் விடாது. திருவள்ளூர்க் கோயில் கைங்கரியம் வேண்டாம் என்று கும்மிடிப்பூண்டிக்கு வந்த பராசரனின் அதே பிடிவாதம்.

அந்த அரைமணியில் டிரைவர் தணிகாசலம் வேனைப் பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிப்போய் வருவார். நேரான ஜி.என்.டி. ரோடு, பெட்டிக்கு நல்லது. அவர் வந்ததும் பராசரன் ஏறிப் பார்ப்பான்.

"இன்னா சார், இன்னிக்கும் பேஜாரா?"

"ஆமா தணிகாசலம். டெல்லிலேர்ந்து ட்ரங்க் கால். வெள்ளிக்கிழமை ஆபீசர் வரார். அப்பவும் சாஞ்சிருந்தா இந்த வேலையையே இழுத்து மூடிடுவா. நீங்களும் நானும் தெருவிலதான்."

"நீ கவலப்படாத சார். நான் பாத்துக்கறேன்."

பராசரன் திருகாணிகளை எல்லாம் முறுக்கினான். மறுநாள் முள் கூடுதலாகச் சாய்ந்தது. பாட்டரியை மாற்றினான். இன்னும் சாய்ந்தது. ஷெட்டில் நிற்கும்வரை மட்டும் பரம சாது.

டயர்களை இடம் மாற்றிப் போட்டான். அன்று தணிகாசலம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு தாமதமாகத்தான் வந்தார். முள் படுக்க இடம் தேடியது.

"ரோடே ஒரு பக்கமா சாஞ்சிருக்குமோ? எனக்கு அழுகையா வரது."

"அளுவாத சார். வெள்ளிக்கெயம பாரு, ஒரே அடி!"

வெள்ளிக்கிழமை வந்தது. ஆபீசரும் வந்தார். வேன்தான் வரவில்லை. ஆபீசர் மூன்றாவது டீயை மறுத்தபோது, முகப்பில் எலுமிச்சம்பழ மாலையோடு வேன் வந்து நின்றது.

ஆபீசர் ஏறிப் பார்த்தார். முள் கடைசிக் கோட்டையும் தாண்டி இடது பக்கம் விழுந்து கிடந்தது.

"மிஸ்டர் பராசரன், இதுக்குப் பேர்தான் செங்குத்தா?"

ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

தணிகாசலம் ஓடிவந்து கை கூப்பினார். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"மூடிடாத சார்! அந்தப் பொட்டி நல்லாவணும்னு தெனமும் பங்க்லேர்ந்து வரச்சொல்ல எல்லையம்மன் கோயில வண்டியோட வலமா சுத்திக்கினுதான் வரேன். மூணு சுத்துல கேக்கல, பதினொண்ணுல கேக்கல, இன்னிக்கி நூத்தியெட்டும் முடிச்சிட்டேன் சார்!"