செவ்வாய்க்கிழமை பத்து மணி வகுப்பு

"ரெண்டு வகுப்பும் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கேவா? அப்ப உன்னை நடுவுல ரெண்டா கிழிச்சுத்தான்டி அனுப்பணும்" என்றாள் அம்மா.

மகள் சிரிக்கவில்லை. வீட்டில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். கறுப்புச் செருப்பா, பழுப்புச் செருப்பா என்று தீராமல், கடைக்காரர் ஷட்டரை இறக்கிய பிறகும் உள்ளேயே நின்றவள். அப்பேர்ப்பட்டவள் பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஒரு முடிவு எடுத்திருந்தாள். இயற்பியல், வரலாறு இரண்டையுமே முதன்மைப் பாடமாகப் படிப்பது. இரண்டில் எதை விட்டாலும் ஒற்றைக் கண்ணோடு வாழ்வதுபோல் ஆகிவிடுமாம்.

கல்லூரி ஆபீசில் வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அதற்குள் யாராவது ஒரு பேராசிரியர் நேரத்தை மாற்ற வேண்டும்.

முதலில் இயற்பியல் பேராசிரியரிடம் போனாள்.

"நான் ஏன் மாத்தணும்?" அவர் குதித்த குதியில் மேஜைமேல் இருந்த ஊசல் தானாக ஆட ஆரம்பித்தது. "எப்பவும் நான்தான் இறங்கி வரணுமா? அந்தம்மாவை இறங்கி வரச் சொல்லு!"

வரலாற்றுத் துறை வளாகத்தின் மறுகோடியில் இருந்தது. போய்ச் சேருவதற்குள் இரண்டு ராஜவம்சங்கள் எழுந்து விழுந்துவிடும். சொன்னதை அப்படியே ஒப்பித்தால் காரியம் கெடும் என்று தராசு கொஞ்சம் சர்க்கரை தூவினாள்.

"சாருக்கு உங்கமேல ரொம்ப மரியாதை, மேடம்."

பேராசிரியை பேனாவைக் கீழே வைத்தார். "அவரா சொன்னார்? சொல்றப்போ முகம் எப்படி இருந்துச்சு?"

"சாந்தமா இருந்துச்சு, மேடம்."

"அப்ப பொய்! முதல்ல மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

எதற்கு மன்னிப்பு? புரியாமலே திரும்ப ஓடியவள், இங்கேயும் ஒரு பிடி சர்க்கரை போட்டாள்.

"மேடம் உங்களை அக்கறையா விசாரிச்சாங்க, சார். உங்க முகம் எப்படி இருந்துச்சுன்னுகூடக் கேட்டாங்க."

மலைபோல் உட்கார்ந்திருந்த மனிதர் வெண்ணெயாக உருகினார். "அப்படியா? சாப்பிட்டாங்களான்னு கேட்டுட்டு வாம்மா."

அன்றைக்குப் பிடித்தது சனி. புதனும் வியாழனும் தராசின் செருப்பு தேய்ந்து காகிதமானது.

"தொண்டை கட்டியிருக்கு போல, வெந்நீர் குடிக்கச் சொல்லு" என்பார் பேராசிரியர்.

"அந்த நீலச் சட்டை எடுப்பா இருக்காம்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே" என்பார் பேராசிரியை.

செவ்வாய்க்கிழமை வகுப்பைப் பற்றி மட்டும் இருவரும் மூச்சு விடவில்லை.

வியாழன் மாலை, பேராசிரியர் வெட்கத்தோடு ஒரு ரோஜாவை நீட்டினார். "மேடம்கிட்ட குடுத்துடு." நீட்டிய விரலில் கல்யாண மோதிரம் பளிச்சென்று மின்னியது. தராசு மோதிரத்தை ஒரு தடவை, ரோஜாவை ஒரு தடவை பார்த்தாள். ரோஜாவைப் பையில் திணித்துக்கொண்டு நேராக வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா! கல்யாணமான மனுஷனுக்குக் காதல் தூது போயிட்டு இருக்கேம்மா!"

"அடிப்பாவி! ரெண்டு பாடம் படிக்கிறேன்னு போய் ரெண்டு குடும்பத்தைக் கெடுக்கப் பாக்குறியே! அந்தாளு பொண்டாட்டிகிட்ட போய் உண்மையைச் சொல்லிடு."

"சொன்னா ரெண்டு பாடமும் போயிடும்மா!"

"போனா போகட்டும். நாளைக்கு நிம்மதியாத் தூங்க வேணாமா?"

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வுக்கூட உதவியாளரிடம் பேராசிரியர் வீட்டுக்கு வழி கேட்டாள். அவர் ஏனோ சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டே வழி சொன்னார்.

'அம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்காரே...' என்று தெருவெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போய் மணியை அழுத்தினாள். கையில் சாட்சிக்கு அந்த வாடிய ரோஜா.

கதவைத் திறந்தது பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அதே பேராசிரியர் மூக்கு. ரோஜாவைப் பார்த்தாள், தராசின் தேய்ந்த செருப்பைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"அப்பா! ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல இருக்கிற நம்ம அம்மாவுக்கு நீங்க அனுப்பின ரோஜா, வீட்டுக்கே வந்திருக்கு! இனிமே உங்க சண்டையை நீங்களே தீர்த்துக்குங்க, இந்த வருஷத்து ரெண்டு பாடத்து அக்காவையாவது படிக்க விடுங்க!"