கஞ்சி போட்ட சுவெற்றர்

ஹனோவர்
09.02.2004

பெருமதிப்பிற்குரிய சந்திரசேகரன் அத்தான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயமலரின் கணவன் ஆனந்தராசா பணிவோடு எழுதிக்கொள்வது. பிராங்பேர்ட்டில் நீங்களும் வேதவல்லி அக்காவும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டுமென்று இந்த ஊரில் எனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இங்கே உங்கள் தங்கை நல்ல சுகம். என் சுகத்தைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

ரெலிபோன் இருக்க ஏன் கடிதமென்று யோசிப்பீர்கள். எங்களுடையது இரண்டறை வீடு. எந்த அறையில் நின்று கதைத்தாலும் மற்ற அறையில் உங்கள் தங்கைக்குக் கேட்கும். அதோடு, நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதமென்றால் நீங்கள் அங்கேயிருந்து தாராளமாகச் சிரிக்கலாம், எனக்கு ஒரு சேதமுமில்லை.

விஷயம் இதுதான். இன்னும் இரண்டு கிழமையில் ஜெயமலருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரனுக்கும் சொல்லியாயிற்று. அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நான் மானத்தோடு நிற்பதா இல்லையா என்பது இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

பொங்கலன்று உங்கள் வீட்டில் வைத்து நான் விட்ட வீரப்பேச்சு உங்களுக்கு மறந்திருக்காது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த முறை ஜெயத்துக்குக் கடைச் சாமான் இல்லை, என்ரை கையால செய்த ஒண்டு குடுக்கப் போறன்" என்று சொன்னேன். நீங்கள் உடனே, "என்ன, இடியப்பமோ?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே முதுகுப்பக்கமும் முன்பக்கமும் பின்னி முடித்து அலுமாரிக்கு மேலே சூட்கேசில் வைத்திருந்தேன் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆமாம் அத்தான், சுவெற்றர். நான் பின்னினேன். கதிரையில் இருந்துகொண்டு வாசிக்கிறீர்கள்தானே?

ஏன் இந்த வேலைக்குப் போனேன் என்று சொல்கிறேன். உங்கள் தங்கைக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும், "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே பில்லைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாள். கைப்பை, குளிர் அங்கி, குளிருக்குக் காதில் போடுகிற பஞ்சு மூடி, எல்லாம் வந்த வழியே திரும்பிவிட்டன. கையால் பின்னினதற்குப் பில் இல்லைத்தானே, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பாள்? இது ஒரு காரணம். மற்றதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் வேலை குறைந்து, கிழமையில் பாதி நாள் நான் வீட்டில் கிடக்கிறேன். அவளோ இருட்டோடு எழும்பி ஆஸ்பத்திரிக் குசினிக்குச் சமையல் வேலைக்குப் போகிறாள். நான் போர்வைக்குள் கிடந்தபடி கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்பேன், பிறகு ஜன்னலால் பார்ப்பேன். பஸ் தரிப்பிடத்தில் கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்க எனக்கு மனம் வரவில்லை, அத்தான். படுத்தேன்தான், ஆனால் மனம் வரவில்லை.

அதனால் பெரியவர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்துகிற இடத்தில் பின்னல் வகுப்புக்குப் பேர் கொடுத்தேன். வகுப்பு முழுக்கப் பெண்கள், நான் ஒருவன்தான் மீசையோடு. பிராவ் லிண்ட்னர் என்கிற ரீச்சர் நல்ல மனுசி. அளவுக்கு மனைவியின் உடுப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னா. நான் உங்கள் தங்கையின் சிவப்புச் சேலைச்சட்டையை ரகசியமாக எடுத்துக்கொண்டு போனேன். நிறமும் நானே தெரிவுசெய்தேன். கூறைச்சேலையின் அரக்குச் சிவப்பும் கரையின் மாம்பழ மஞ்சளும், வரி வரியாக. மற்றப் பெண்கள் சாம்பல் நிறத்தில் பின்னிக்கொண்டிருக்க, என் மேசையில் மட்டும் கல்யாண வீடு நடந்தது.

பின்னல் எனக்கு நன்றாகவே வந்தது, பொய் சொல்லவில்லை. கேடு வந்தது கடைசி வகுப்பால். கடைசி வகுப்பில் 'முடித்தல்' படிப்பிப்பார்கள் என்று பிராவ் லிண்ட்னர் சொன்னா. பின்னித்தான் முடித்தாயிற்றே, இனி முடிக்க என்ன கிடக்கு என்று நான் நினைத்தேன். எங்கள் ஆட்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்குப் பிந்திப் போவோம், சாப்பாடு முடிந்த கையோடு எழும்பி வந்துவிடுவோம், நன்றியுரையைக் கேட்டவன் ஒருவனும் கிடையாது. நானும் அப்படித்தான் அந்த வகுப்புக்குப் போகவில்லை. பின்னலில் நன்றியுரைதான் முக்கியமாம்.

வீட்டில் இருந்து நாலு துண்டையும் தைத்துப் போட்டுத் திருப்பிப் பார்க்கிறேன், உள்பக்கமெல்லாம் நூல் வால்கள். ஒவ்வொரு வரிக்கும் பழைய நூலை வெட்டிப் புது நூலைத் தொடங்கியிருக்கிறேன், அதனால் வெட்டினதற்கு ஒரு வால், தொடங்கினதற்கு ஒரு வால். சேலைத் தலைப்பில் குஞ்சம் கட்டுவதில்லையா, அதே மாதிரி இரண்டிரண்டாக எடுத்து வடிவாக முடிச்சுப் போட்டேன். வெளியில் தெரியாத இடத்தில் இவ்வளவு அழகு தேவையோ என்றுகூட யோசித்தேன். பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தால், முடிச்செல்லாம் கிச்சுகிச்சு மூட்டுகிறது. சமையலறையில் தனிய நின்று சிரித்துக்கொண்டிருந்தேன், அத்தான். இதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் சிரித்தால் அவளை வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, கத்தரிக்கோலை எடுத்து எல்லாக் குஞ்சத்தையும் முடிச்சோடு ஒட்ட வெட்டினேன்.

பின்னேரம் பார்த்தால் கக்கத்தடியில் ஒரு ஓட்டை. சும்மா இழுத்துப் பார்த்தேன், ஓட்டை பெரிதானது. இழுக்காமல் பார்த்தேன், அப்பவும் பெரிதானது. பிராவ் லிண்ட்னருக்குப் போன் எடுத்தேன். வெட்டினேன் என்றதும், எத்தனை வாலை என்று கேட்டா, எல்லாத்தையும் என்றேன். பிறகுதான் சொன்னா, வாலை வெட்டவே கூடாதாம். மொட்டை ஊசியில் கோத்து, கண்ணிகளின் முதுகுப் பக்கத்தால் ஒரு திசையில் நுழைத்துப் போய், திரும்பி மற்றத் திசையில் வரவேண்டுமாம். கம்பளி கம்பளியைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், முடிச்சே வேண்டாம். அதற்குப் பிறகு நனைத்து, சரியான அளவுக்கு விரித்து, சுற்றவர ஊசி குத்திக் காயவிட வேண்டும். அதுவரைக்கும் அது சுவெற்றரே இல்லை, வெறும் பின்னல்தான் என்றா.

என்னிடம் மிஞ்சிக் கிடந்த வால்களோ ஊசிக் கண்ணுக்குள்ளேயே போகாத நீளம். புது நூல் எடுத்து ஓட்டையை அடைத்தேன். அந்தப் புது நூலுக்கு இரண்டு வால். அதை நுழைத்து இறுக்கி இழுத்தால் ஒரு கை சுருங்கிவிட்டது. மற்றக் கையை இதற்குச் சமமாகச் சுருக்கினேன். நாட்டை நடத்துகிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இனி விரித்து ஊசி குத்துகிற வேலை. சரியான அளவு தெரிய வேண்டுமென்று சிவப்புச் சேலைச்சட்டையை எடுத்து மேலே வைத்தேன். சுருங்கின கை போக, ஒரு நூல் பிசகில்லை, அவ்வளவு அச்சு. அப்போதுதான் அத்தான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. சேலைச்சட்டை எங்கே முடியும்? வயிற்றுக்கு மேலே முடியும். கை எங்கே முடியும்? முழங்கைக்கு ஒரு சாண் மேலே முடியும். இத்தனை வருடமாக அந்தச் சட்டையைச் சேலையோடு சேர்த்தே பார்த்துப் பழகினவன் நான். சேலையில்லாமல் அது எவ்வளவு பெரிது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வகுப்பில் பிராவ் லிண்ட்னர் இரண்டு தரம், "இது பிள்ளைக்கா?" என்று கேட்டா. நான் பெருமையாக, "இல்லை, என் மனைவிக்கு, அளவு மிகச் சரி" என்று சொன்னேன். அந்த மனுசி பிறகு என்னோடு கொஞ்சம் மெதுவாகத்தான் கதைத்தா.

ஆனாலும் நான் விடவில்லை. நனைத்துச் சரியான அளவுக்கு விரிக்கலாம் என்று அவ சொல்லியிருந்தாதானே. நனைத்தேன். ஜெயமலரின் சேலைப் பின்களை எல்லாம் எடுத்து, முன்னறைக் கார்ப்பெற்றில் வைத்து, கீழ்ப்பக்கமாக ஒரு சாண் இழுத்துக் குத்தினேன். ஒரு பின்னைக் குத்த மற்றப் பின் பாய்ந்தது. குத்தி முடிந்து பார்க்க நல்ல நீளம். காய்ந்து பின்னைக் கழற்றியதும் பழையபடி வயிற்றுக்கு மேலே ஓடிப்போய் நின்றது.

இந்த இடத்தில் ஒரு ஜெர்மன்காரன் என்றால் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பான். நான் வேட்டி கட்டுகிற ஆள். இழுத்த துணி இழுத்தபடி நிற்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? கஞ்சி போடுவோம். மத்தியானம் வடித்த குத்தரிசிக் கஞ்சி அப்படியே இருந்தது. சுவெற்றரை அதில் தோய்த்து, திரும்ப இழுத்துப் பின் குத்தி, அறையைச் சூடாக்குகிற ஹைசுங்கைக் கடைசி இலக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். நல்லாகக் காய்ந்தது. எடுத்து நிமிர்த்தினேன், தானாக நின்றது. ஆளில்லாமல் நடு வீட்டில் நின்றது, அத்தான். தட்டிப் பார்த்தேன், கதவில் தட்டின மாதிரிச் சத்தம் கேட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் திறப்புச் சத்தம். மடிக்க ஏலாத உடுப்பை ஒளிப்பது எப்படி என்று யாராவது வகுப்பு வைத்தால் நான் கடைசி நாள் வரைக்கும் போவேன். பல்கனியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரைச்சீலையை இழுத்தேன்.

"என்னப்பா, சோறு புளிச்சுப் போச்சோ? வீடெல்லாம் மணக்குது" என்று கேட்டுக்கொண்டே உங்கள் தங்கை திரையை விலக்கினாள். "இஞ்சேருங்கோ, பல்கனியில ஆரோ நிக்கினம்!"

"ஒருதரும் இல்லை. மேல் வீட்டாக்களின்ரை உடுப்பு, காத்துக்கு விழுந்திருக்கு."

"விழுந்த உடுப்பு நிமிந்தோ நிக்கும்?"

"குளிருக்கு விறைச்சுப் போச்சு" என்றேன். விறைத்தது மட்டும் உண்மை.

அவள் குளிக்கப் போனதும் அதை எடுத்துக் கழுவினேன். கஞ்சி போனது, கஞ்சியோடு நீளமும் போனது. மஞ்சள் வரியெல்லாம் தேத்தண்ணி நிறம், பின் குத்தின இடமெல்லாம் துரு. அப்படியே காயவைத்து, அளவுச் சட்டைக்கு மேலே மாட்டி, இரண்டையும் சேர்த்துச் சூட்கேசில் போட்டுப் பூட்டாமல் வைத்திருக்கிறேன். பூட்டினால் சந்தேகம் வரும்.

ஆகவே அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பிராங்பேர்ட்டில் பெரிய கடைகள் இருக்கின்றன. அரக்கும் மஞ்சளும் வரி போட்ட ஒரு பெண்கள் சுவெற்றர் வாங்குங்கள். உங்கள் தங்கையின் அளவை நீங்களே மட்டுக்கட்டுங்கள், என் மட்டுக்கட்டலை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கிற லேபிளை வெட்டிவிடுங்கள். வேதவல்லி அக்காவிடம் கொடுத்து உள்பக்கம் நாலைந்து நூல் வாலைத் தொங்கவிடச் சொல்லுங்கள், அப்போதுதான் நான் பின்னினது என்று நம்புவாள். மண்டபத்தின் பின்கதவில் நான் நிற்பேன். இவ்வளவு நாளும் மைத்துனனிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. நீங்கள் இதைச் செய்தால், இனி எந்தப் பொங்கலுக்கும் உங்கள் வீட்டில் வாய் திறக்கமாட்டேன், சாப்பிட மட்டும் திறப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அணுகாமல், ஊராருக்கு நிழலாக, இன்னும் நெடுங்காலம் எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வாழ எல்லாம் வல்ல முருகன் துணையிருப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் பாவப்பட்ட மைத்துனன்
ஆனந்தராசா

பி.கு.: சுவெற்றர் வாங்க வேண்டாம். இதுவரை வாசிக்காமலே ஓடிப்போய் வாங்கி லேபிளையும் வெட்டியிருந்தால் அக்காவுக்குக் கொடுத்து, நீங்கள் பின்னினது என்று சொல்லிப் பாருங்கள். நான் இன்று காலை முத்திரை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். உங்கள் தங்கைக்கு லீவு. பிறந்தநாளுக்குப் போட அந்தச் சிவப்புச் சேலைச்சட்டையைத் தேடிச் சூட்கேசைத் திறந்திருக்கிறாள். நான் வந்து பார்க்கிறேன், கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். உள்ளே சேலைச்சட்டைக்குப் பதிலாக என் சுவெற்றர். சேலைக்குள் போட்டால் நீளமும் சரி, கையும் சரி. துருப்பிடித்த இடமெல்லாம் தலைப்புக்குள் மறைந்துவிட்டது.

"கழட்டும், ஜெயம். உம்மடை அண்ணர் வடிவான ஒண்டு கொண்டு வருவார்" என்றேன்.

"அவர் கொண்டுவந்தால் அவர் போடட்டும். இந்த ஊர் மண்டபங்களில இத்தனை வருசமா சேலையோட நடுங்கிக்கொண்டு நிண்டனான். இண்டைக்குத்தான் குளிரேல்லை."

"உள்ளுக்குக் குத்தேல்லையோ?"

"குத்துது. கையைத் தூக்கவும் ஏலாமல் கிடக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தான். சிரிப்பதென்றால் இதற்குச் சிரியுங்கள். கையைத் தூக்க ஏலாமல் அவ்வளவு சனத்துக்கும் முன்னால் எப்படி நிற்பாய் என்று கேட்டேன். தலைப்பைச் சரிசெய்தபடி, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "கேக் வெட்ட இந்த உயரம் காணும். ஆக்களைக் கும்பிடவும் காணும்."