சோபா தூக்க மாட்டேன்

இந்த ஞாயிற்றுக்கிழமை சோபா தூக்கப் போவதில்லை என்று வெள்ளிக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். என் மனைவியின் அண்ணன் வீடு மாறுகிறார். புது வீடு நாலாவது மாடி, லிப்ட் கிடையாது. போன தடவை அவர் வீடு மாறியபோது நான் தூக்கிய பீரோவை என் இடுப்பு இன்னும் மன்னிக்கவில்லை.

வரமாட்டேன் என்று மனைவியிடம் நேராகச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு. சொன்ன பிறகு அதே வீட்டில் குடியிருக்கும் தைரியம்தான் இல்லை. அதனால் மூளையை நம்பினேன்.

நான் பதினோரு வருஷமாகக் கம்பெனி சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் புரோகிராம்கள் சில, எழுந்ததும் முதல் காரியமாக 'நான் எந்த வகை டெர்மினலில், அதாவது எந்த வகைத் திரையில் இருக்கிறேன்?' என்று ஒரு செட்டிங்கைப் பார்க்கும். உலகத்தில் இல்லாத வகையின் பெயர் அதில் இருந்தால் அங்கேயே படுத்துவிடும். இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்தே ஆபீசில் பெயர் வாங்கியவன் நான். எனக்கு நோயை வரவழைப்பதா கஷ்டம்? ஞாயிறு காலை பல் தேய்க்கும் முன்பே லேப்டாப்பைத் திறந்தேன். அந்த செட்டிங்கில் வாய்க்கு வந்த பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினேன்: 'சோபா தூக்க மாட்டேன்.'

உடை மாற்றிக் கிளம்பத் தயாராக இருந்த மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். அவள் கண் முன்னாலேயே ஒரு புரோகிராமைத் திறந்தேன். விழுந்தது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. திரையில் பிழைச்செய்தி மட்டும் நின்றது. பிழைச்செய்தியை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் என் தொழிலே ஓடுகிறது.

"பெரிய கோளாறா?"

"ரொம்பப் பெரிசு. சரிபண்ண சாயங்காலம் ஆயிடும். அதுவும் நானா இருக்கறதால."

"யார் பண்ணின வேலை இது?"

"யாரோ ஒரு முட்டாள். எதையோ மாத்தி வச்சுட்டுப் போயிருக்கான்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒற்றுப்பிழை தேடுகிற அதே பார்வை. விரலை வரிக்குக் கீழே வைத்து எழுத்தெழுத்தாக நகர்த்தினாள். புரோகிராம் சாகும்போது, தன்னைக் கொன்ற பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் சாகும் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷம் தினமும் பார்த்த வரி.

"அந்த முட்டாளுக்கு சோபா தூக்கப் பிடிக்காது போலிருக்கே."

செட்டிங்கைச் சரியாக மாற்றினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. புரோகிராம் சமர்த்தாகத் திறந்தது. அவள் கோபப்படவில்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, தூக்க நாலு ஆள் பேசிட்டேன்னும், மாப்பிள்ளை வீட்டுலேயே இருக்கட்டும்னும் சொன்னியே, அவங்களை வர வேண்டாம்னு சொல்லிடு. இவர் வேலை முடிஞ்சிடுச்சு."