சிரியக்காவும் கனடாச் சித்தப்பாவும்

தென்மராட்சி முழுக்கத் தேடினாலும், செத்தவீட்டுக்குப் போய் அழுதுகொண்டிருப்பவரிடம் "ஒருக்கால் சிரியுங்கோ" என்று கேட்கும் துணிச்சல் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. சாவகச்சேரியில் ஒரு அலுவலகத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில்தான் நான் வேலை செய்தேன். அந்த நாட்களில் இதை நான் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அவருடைய சொந்தப் பெயரைச் சம்பள நாளில் மட்டும்தான் கேட்கலாம். மற்ற நாளெல்லாம் சிரியக்கா. காலையில் வாசலில் நிற்பார்.

"சிரி பாப்பம். ரெண்டு கையையும் தூக்கு. இப்ப சொல்லு, கொடிகாமத்துத் தேங்காய்க்குக் குடுமி பெரிசு."

வாய் கோணாமல், கை தாழாமல், நாக்குப் புரளாமல் முடித்தால்தான் உள்ளே போகலாம். வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு கை தானாக இறங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ அது பாரிசவாதம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் எப்போதும் உதட்டை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நழுவிவிடுவேன். "உந்தச் சிரிப்பிலை ஒண்டும் தெரியாது, பல்லைக் காட்டு" என்று பின்னால் இருந்து சத்தம் வரும்.

புதிதாக மாற்றலாகி வந்த மேலதிகாரியையும் அவர் விடவில்லை. கையைத் தூக்கச் சொன்னதும் மனிதர் பயந்து தூக்கினார். கக்கத்தில் இருந்த ஃபைல்கள் எல்லாம் நிலத்தில் கொட்டின.

"ஆமிச் செக்பொயின்ற் எல்லாம் எடுத்தாச்சு எண்டெல்லோ நினைச்சன்" என்றார், பாவம்.

தேங்காய் வசனத்தையும் அவரிடம் சொல்லுவித்த பிறகு, "சேருக்கு நாக்குக் கொஞ்சம் தடிப்புத்தான். ஆனால் அது பிறவி" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார் சிரியக்கா.

செத்தவீட்டுக் கதைக்கு வருகிறேன். இறந்தவரின் தம்பியார் வாயை ஒரு பக்கமாக இழுத்து அழுதுகொண்டிருந்தார். சிரியக்கா கூட்டத்தை விலத்திக்கொண்டு போய், "அண்ணை, ஒருக்கால் சிரியுங்கோ" என்றார். பறைமேளமே நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து அவரைப் படலைக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே நின்றும் அவர் விடவில்லை. "அப்ப கையையாவது தூக்கச் சொல்லுங்கோ!" என்று கத்தினார். அந்த வீட்டுப் பெண் ஒருவர் என்னிடம் வந்தார்.

"உவ உங்களோடை வந்த ஆளோ?"

"பஸ்ஸிலை கண்டிருக்கிறன்" என்றேன் நான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் சொன்னேன்.

அவருக்கு இந்த வியாதி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருநாள் காலையில் அவருடைய தமக்கைக்கு வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. வீட்டார் நாவூறு என்று நினைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, பார்வை பார்க்க ஆளையும் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் கடந்துவிட்டது. "இப்பவும் அக்கா என்னைக் கண்டால் சிரிப்பா. பாதி வாய்தான் சிரிக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகும் நான் பல்லைக் காட்டவில்லை. எனக்கு வெட்கம்.

ஆனால் வாசலில் கையைத் தூக்குவதெல்லாம் சின்ன வெட்கம். பெரிய வெட்கம் மினிபஸ்ஸில். கொடிகாமத்தில் இருவரும் ஏறுவோம். "என்ரை கருப்பையை எடுத்தவை தெரியுமோ? வயித்தைக் கிழிக்கேல்லை! சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கமராவை உள்ளுக்கை விட்டு, ரீவியிலை பாத்துப் பாத்துச் செய்தவை!" என்று தொடங்குவார். கொண்டக்டர் பாட்டின் சத்தத்தைக் கூட்டுவான். சிரியக்காவும் கூட்டுவார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கோவில் ஐயர், மரக்கறி மூட்டைக்காரர் எல்லோருக்கும் அவருடைய கருப்பையின் சரித்திரம் மனப்பாடம். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பெண்களை அலுமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தழும்பையும் காட்டுவார். "பார், நுளம்பு கடிச்ச மாதிரி. உதுக்கே பயப்படுறியள்?"

நான் மட்டும் பார்க்கப் போகவில்லை. ஏனென்றால் பார்க்கவேண்டிய ஆள் நான்தான்.

மாதத்தில் பாதி நாள் எனக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. துணிமேல் துணி வைத்து, கறுப்பும் கடும்நீலமுமாகச் சேலை கட்டி, கதிரையை விட்டு எழும்பவே பயந்துகொண்டிருந்தேன். கணவருக்கே "கொஞ்சம் களைப்பு" என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோவில் திருவிழாவில் எங்கள் அலுவலகத்து உபயம் வந்தது. பெண்கள் எல்லோரும் கோவிலுக்குப் போய்ப் பூமாலை கட்டவேண்டும். இந்த நிலையில் எப்படிப் போவது? உண்மையான காரணத்தை ஆண்கள் இருக்கும் இடத்தில் எப்படிச் சொல்வது?

"கனடாவிலை சித்தப்பா மோசம் போயிட்டார். செத்தவீட்டுத் துடக்கு, கோவிலுக்கு வரேலாது" என்றேன்.

எனக்குக் கனடாவில் சித்தப்பாவே இல்லை. அடுத்த நாள் அலுவலகமே சீனியும் தேயிலையும் கொண்டு துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்துவிட்டது. கணவர் சந்தைக்குப் போயிருந்தது என் அதிர்ஷ்டம். எல்லோரிலும் கூட அழுதவர் சிரியக்கா. "நல்ல மனுசன்" என்று வேறு சொன்னார். இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அடுத்த மாதம் லண்டனில் ஒரு மாமியையும் சாகக் கொடுத்தேன்.

அந்தக் காலத்தில்தான் அவருக்கு இன்னொரு கிறுக்கும் பிடித்தது. பஸ்ஸால் இறங்கினால் எனக்குப் பின்னாலேயே நடப்பார். வெயிலோ மழையோ, குடையை விரித்துத் தாழப் பிடித்துக்கொண்டு பொலிஸ்காரர் போல ஒட்டிக்கொண்டே வருவார்.

"முன்னுக்குப் போங்கோவன் அக்கா!"

"நீ நட பிள்ளை. பாரிசவாதம் நடையிலையும் தெரியும். நான் பாக்கோணும்."

ஒருநாள் மாடிப்படியில் எனக்குக் கண் இருண்டது. விழித்தபோது தரையில் கிடந்தேன். சுற்றிலும் ஆட்கள். முகத்துக்கு நேரே சிரியக்கா.

"சிரி! பல்லைக் காட்டடி! கையைத் தூக்கு! சொல்லு!"

அத்தனை பேருக்கு நடுவில் பல்லைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கி, கொடிகாமத்துத் தேங்காய்க்குக் குடுமி பெரிசு என்று சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு தன் குடையை விரித்து என் இடுப்புக்கு மேலே கவிழ்த்துவிட்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"சித்தப்பாவின்ரை கவலை. சாப்பிடாமல் கிடந்தவள். விலத்துங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஆட்டோ ஓடத் தொடங்கிய பிறகு என் காதுக்குள் கதைத்தார். பஸ் முழுக்கக் கேட்கக் கத்துகிறவருக்கு இவ்வளவு மெல்லிய குரல் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"கனடாச் சித்தப்பா எண்டு ஒருத்தரும் இல்லை, என்ன?"

"எப்பிடித் தெரியும் அக்கா?"

"உன்ரை கதிரையைத் துடைக்கிறது நானெல்லோ."

எனக்கு ஆட்டோவிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்தது விளங்கியது.

"அப்ப, பின்னாலை நடந்தது..?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "கறுப்புச் சேலையிலையும் தெரியும் பிள்ளை. கண்ணாடியிலை பின்பக்கம் பாக்கேலாதெல்லோ."

ஏமாந்துவிட்டார் என்று நான் உள்ளுக்குள் சிரித்தது இந்த மனுசியைப் பார்த்துத்தான். ஊருக்கெல்லாம் தன் கருப்பையைப் பறைசாற்றிய வாய், என்னுடையதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வெட்கத்தில் நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் பார்த்தார்கள். கருப்பையில் கட்டிகள். இரத்தம் குறைந்ததால்தான் மயக்கம். முதலில் இரத்தம் ஏற்றி, பிறகு நாள் குறித்து, வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் போட்டே சத்திரசிகிச்சை செய்தார்கள். கண் விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் கூட நொந்தது. "அது வயித்தை ஊத வைக்க அடிச்ச காத்து, போயிடும்" என்று சிரியக்கா முதலே சொல்லிவைத்திருந்தார். தழும்பு நுளம்புக்கடிதான். அதிலும் அவர் பொய் சொல்லவில்லை.

வீட்டுக்கு விட்ட நாள், கணவர் ஆட்டோ பிடிக்கப் போக, நான் ஆஸ்பத்திரி விறாந்தையில் மெல்ல நடந்தேன். பின்னால் பழகிய செருப்புச் சத்தம். திரும்பிப் பார்த்தேன். கட்டிடத்துக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அக்கா, இனி ஒண்டும் இல்லை. பக்கத்திலை வாங்கோ."

குடையை மடக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். எதிரே வந்த தாதி ஒருத்தி குடையை விநோதமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இவ ஆர், உங்களோடை வந்த ஆளோ?"

"ஓம். என்ரை அக்கா" என்றேன்.

சிரியக்கா அது காதில் விழாதவர் போலத் தாதியின் பக்கம் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பிள்ளை, ஒருக்கால் சிரி பாப்பம். ரெண்டு கையையும் தூக்கு" என்றார். அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். தோள் நோக நோக, நான்தான் முதலில் கையைத் தூக்கினேன்.