அக்கா துப்பாக்கியின் தொண்டை

நான் இதுவரை வெட்டிய சொற்களை வரிசையாக அடுக்கினால் திண்டுக்கல்லில் இருந்து பழனி வரை போகும். நாளிதழில் உதவி ஆசிரியனான எனக்குச் சம்பளம் கொடுத்ததே எழுதுவதற்கு அல்ல, வெட்டுவதற்கு. அவற்றில் ஒரே ஒரு சொல்லை வெட்டியதற்காக மட்டும் இன்றுவரை வருந்துகிறேன். அந்தச் சொல் 'துப்பாக்கி'.

என் அக்கா செல்வராணி சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. முந்நூறு மீட்டர் ரைபிள் போட்டிகளில் சுடுகிறவள். (வெங்காயம் உரிக்கக்கூட அவளுக்குப் பொறுமை கிடையாது. குறி பார்த்துப் படுத்துவிட்டால் எறும்பு கடித்தாலும் அசைய மாட்டாள்.) அவள் சுட்டுவந்த கிளப் ரைபிள் தேய்ந்துபோனது. புதிது வாங்கக் கமிட்டி முடிவு செய்தது. எந்தத் தோட்டாவுக்கான ரைபிள் என்பதில்தான் சிக்கல்.

ஒன்று, சன்னமான குண்டு, நிறைய வெடிமருந்து. வேகமாகப் போகும், காற்றுக்கு அவ்வளவாக விலகாது. ஆனால் வெடிக்கும் சூட்டில், குண்டு குழலுக்குள் நுழையும் இடம் சீக்கிரம் அரித்துப்போய்விடும். அந்த இடத்துக்குத் தொண்டை என்று பெயர். இன்னொன்று, அளவான மருந்து, சற்றே பருத்த குண்டு. வேகம் குறைவு, குழல் பல வருடம் தாங்கும். பழைய ரைபிள் முதல் வகை. தினமும் பழக வேண்டிய அக்காவுக்கு இரண்டாவது வேண்டும்.

"ஏலே, கமிட்டில பாதிப் பேரு ஏர் ரைபிளத் தவிர எதையும் தொட்டதில்ல. நீதான் பேப்பர்காரன்ல, புரியிற மாதிரி தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடு. அந்த வேகத் தோட்டாவையே மறுபடி வாங்குனாங்கன்னா, குழல் போயிருமேன்னு பயந்து பயந்து மாசத்துக்கு நாலு நாளுதான் சுட விடுவாங்க. அம்புட்டுத்தான், ஏம் போட்டி முடிஞ்சுச்சு."

எழுதினேன். கோச் கொடுத்த ஆங்கிலக் குறிப்பில் இருந்த 'பேரல்' என்பதைப் 'பீப்பாய்' என்று எழுதுகிற புது ஆள் அல்ல நான். 'குழல்' என்றே எழுதினேன். அந்தப் பெருமையோடு பார்த்தால் ஒன்றேகால் பக்கம் வந்திருந்தது. ரைபிள் கிளப்புக்கு எழுதும்போது 'துப்பாக்கி' என்று திரும்பத் திரும்ப எதற்கு? பதினோரு இடத்தில் வெட்டினேன். ஒரே பக்கத்தில் கச்சிதமாக அடங்கியது. 'தொண்டை முக்கியம்' என்று தலைப்புப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். போட்டியாளர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பதால் அக்கா வெளியே நின்றாள். நான் வாசித்தேன்.

"மருந்து கூடக்கூடத் தொண்டை அரிப்பும் கூடும். அடுத்தடுத்துச் சுட்டால் சூடு ஏறி அரிப்பு விரைவாகும். ஒருமுறை அரித்த தொண்டை சரியாகாது. குழலை மாற்றுவது ஒன்றே வழி."

எல்லோரும் கண் கொட்டாமல் என்னையே பார்த்தார்கள். என் நடையில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தோல் ஷாப் முதலாளியும் கிளப் தலைவருமான காதர் பாய்தான் முதலில் வாய் திறந்தார். "யா அல்லா! செல்வராணிக்கா இப்புடி?"

ஒட்டன்சத்திரத்தில் தோட்டம் வைத்திருக்கும் வேலுச்சாமி அண்ணன், "அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொல்லலீங்களே" என்றார்.

எல்லோரும் பொருளாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். பொருளாளர் டாக்டர் முத்தையா. காது, மூக்கு, தொண்டை நிபுணர்.

"மருந்து கூடுனா அரிப்பு கூடும்னு யாரு தம்பி சொன்னது?"

"கோச் சொன்னாரு சார்."

"அவரு எந்தக் காலேஜ்ல படிச்சாரு? குழல மாத்தணுமாம்ல! மூச்சுக்குழல மாத்துறதுக்கு நான் என்ன லேத் பட்டறையா வச்சிருக்கேன்?"

டாக்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது. "வெளிநாட்டுல இருந்து வரவழைச்சுரலாம் சார். லைசென்ஸ் வேலைதான் கொஞ்சம் இழுக்கும்" என்றேன்.

காதர் பாய் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

டாக்டர் எழுந்து நின்றார். "தொண்டை ஏன் டிபார்ட்மென்ட். அந்தப் பொண்ண நான் ஃபீஸ் வாங்காமப் பாத்துக்கிறேன். இதுக்காக நல்ல தோட்டாவ விட்றாதீங்க. வேகமானதையே வாங்குவோம்."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. காதர் பாய் தீர்மானத்தை எழுதத் தொடங்கினார். அவர் 'நோய்வாய்ப்பட்ட நம் வீராங்கனை' என்று சொல்லிக்கொண்டே எழுதியபோதுதான் எனக்கு விளங்கியது.

"சார், தொண்டை அக்காவோடது இல்ல. துப்பாக்கியோடது."

"துப்பாக்கிக்கு ஏதுங்க தொண்டை?" என்றார் வேலுச்சாமி அண்ணன்.

சத்தம் கேட்டு அக்கா உள்ளே வந்துவிட்டாள். என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். படித்து முடித்து, முந்நூறு மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒன்றைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பினாள்.

"சார், மூக்கு வழியா விட்டுப் பாப்பீங்கள்ல, ஒரு கேமரா, அதக் கொஞ்சம் கொண்டுவாங்க. பழைய ரைபிளுக்குள்ள விட்டுப் பாத்துட்டு அப்புறம் கையத் தூக்குங்க."

கிளினிக் அடுத்த தெருதான். கேமரா வந்தது. ரைபிளின் பின்பக்கத்தைத் திறந்து உள்ளே விட்டார்கள். சின்னத் திரையில் தெரிந்த தொண்டை, சித்திரை மாதக் கண்மாய் போல வெடித்துக் கிடந்தது. டாக்டரின் குரல் மாறியது.

"எப்ப இருந்து இப்புடி இருக்கு?"

"மூணு வருசமா சார்."

"ரொம்ப முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்மா."

மறுபடி கை தூக்கினார்கள். குழல் தாங்கும் தோட்டா ஒருமனதாக ஜெயித்தது. புது ரைபிளில் அக்கா இப்போது வாரம் ஐந்து நாள் சுடுகிறாள். டாக்டர் வருடத்துக்கு ஒருமுறை கேமராவோடு வந்து அதன் தொண்டையைப் பார்க்கிறார். பார்த்ததைக் கிளினிக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மனிதப் பெயர் தேவைப்பட்டது. அதற்கு யார் பெயரைக் கொடுப்பது என்பதில் அக்காவுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

போன மாதம் எனக்கு நிஜமாகவே தொண்டை வலி. மனைவியோடு அந்தக் கிளினிக்குக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணமாகக் கேட்டாள்.

"போன தடவை பாத்தப்ப, குழல் நல்லாருக்கு, வாரம் ஒருக்கா எண்ணெய் போட்டுத் துடைக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. ஒழுங்காத் துடைக்கிறீங்களா சார்?"

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி சொன்னாள்: "அதெல்லாம் இவுக அக்கா துடைச்சிருவாங்கம்மா."