தொப்பையின் இடது காது

பேரன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் தம்பி மனைவி, மகள் மூவரும் நலம். தாங்களும் அத்தானும் அவ்வாறே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இக்கடிதத்துடன் வரும் பெட்டியைத் திறக்கும்போது தாங்கள் பதற வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு யானை. துணி யானை. அதன் இடது காது தனியாக ஒரு காகித உறையில் இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். தையல் மெஷின் ஓடும்போது தாங்கள் போனை எடுப்பதில்லை, இன்று மட்டும் பதினொரு முறை அடித்துவிட்டேன்.

யானையின் பெயர் தொப்பை. என் மகள் படிக்கும் இரண்டாம் வகுப்புக்குச் சொந்தமானது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து, அது என்னென்ன செய்தது என்று கூடவே வரும் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று படிக்க வேண்டும். நேற்று சாயங்காலம் மகளின் பையிலிருந்து தும்பிக்கை எட்டிப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. "தொப்பை நம்ம வீட்டுக்கு வந்திருக்கா?" என்று கேட்டேன், ஆமாம் என்று தலையாட்டினாள். உனக்கே தெரியும் அக்கா, வீட்டில் வாய் ஓயாத பெண் பள்ளியில் வாயையே திறப்பதில்லை. ஐந்து மாதமாக டீச்சரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, பெயரைக் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குகிறாளாம், நாடகத்தில் மரம் வேஷம் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று படிக்கப் போகிறாள். நாம் எழுதிக் கொடுப்பதைக் கேட்டு மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தால் இவளுடைய பயம் தெளிந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்ததில் என்ன தப்பு?

நோட்டைப் பிரித்ததும்தான் விஷயம் புரிந்தது. இதுவரை பத்தொன்பது வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது. ஒரு வீட்டில் படகில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு வீட்டில் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறார்கள், தனி டிக்கெட் எடுத்தார்களா என்று தெரியவில்லை. டாக்டர் வீட்டில் எக்ஸ்ரே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், உள்ளே பஞ்சு இருப்பதாக அதில் தெரிகிறது. நம் வீட்டில் துவைத்த துணி மடிப்பதைத் தவிர வேறென்ன நடக்கிறது? ஆஸ்பத்திரியில் நாளை சாயங்காலம் வரை டியூட்டி என்று கிளம்பிக்கொண்டிருந்த உன் தம்பி மனைவி, "அதுக்குள்ளயா நம்ம முறை வந்துடுச்சு? சோபால உட்கார வச்சு ஒரு போட்டோ எடுங்க, போதும். வேற எதுவும் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நர்ஸ் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாவற்றையும் சின்னதாக நினைப்பதே வழக்கம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு மாடிக் கட்டடம் என் பொறுப்பில் இருக்கும்போது படகு என்ன, விமானம் என்ன? இன்று காலை மகளைக் கீழே வரவேற்பு மேசைக்காரம்மாவிடம் உட்கார வைத்துவிட்டு, தொப்பையைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஊர் முழுக்கத் தெரிகிற மாதிரி போட்டோ, மோட்டார் அறையில் ஸ்பேனர் பிடித்தபடி போட்டோ, எல்லாம் அம்சமாக வந்தன. இறங்கும்போதுதான் வினை. லிஃப்டுக்குள் ஏற்கெனவே நான்கு பேர். தொப்பையைத் தோளில் வைத்திருந்தேன், அதன் இடது காது கதவுக்கு வெளியே இருந்ததை நான் கவனிக்கவில்லை. கதவுக்கு நடுவில் ஏதாவது இருந்தால் உடனே திறந்துகொள்ளும்படி நான்தான் கருவி பொருத்தியிருக்கிறேன், கை, கால், குடை எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும். யானைக் காது அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று கருவி எதிர்பார்க்கவில்லை. லிஃப்ட் கீழே போனது, யானை மேலே போனது. நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அது கூரையில் முட்டி, காதை விட்டுவிட்டு, கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியின் தலையில் விழுந்தது, லிஃப்டும் நின்றுவிட்டது. ஒரு அம்மா உள்ளே எழுதியிருந்த எண்ணுக்குப் போன் செய்தார். என் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்து, "சொல்லுங்க" என்றேன். அவர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து, "சார், லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்" என்றார். "தெரியும்மா, நானும் உள்ளதான் இருக்கேன்" என்றேன். வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. மகள் என்னையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. "அப்பா, காது எங்க?" என்றாள். "மேல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். காதில் கிரீஸ் ஒட்டியிருந்ததால் வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டேன். காது வெளுத்துவிட்டது, உடம்பு பழைய நிறத்திலேயே இருந்தது. சரி என்று உடம்பையும் முக்கினேன், அது வேறு மாதிரி வெளுத்தது. தலை காயவைக்கும் மெஷினைக் காட்டியதில் தும்பிக்கை ஒரு பக்கமாகத் திரும்பி, யாரையோ வழி காட்டி அனுப்புகிற மாதிரி நிற்கிறது. பசை போட்டு ஒட்டியதில் காது என் கட்டை விரலோடு போய்விட்டது, வெந்நீரில் அரைமணி நேரம் வைத்துத்தான் பிரித்தேன். பஞ்சு கொஞ்சம் குறைந்ததற்கு என் காலுறை ஒன்றை வைத்து அடைத்திருக்கிறேன். துவைத்ததுதான், சந்தேகப்பட வேண்டாம்.

அக்கா, உன் கைதான் இனிக் காப்பாற்ற வேண்டும். அடுத்த வாரம் வகுப்பில் என்னென்ன என்று டீச்சர் கொடுத்த தாள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. செவ்வாய் காகிதக் கோப்பையில் அவரை விதை போடுகிறார்கள். புதன் பள்ளி தொடங்கி நூறாவது நாளாம், ஆளுக்கு ஏதாவது நூறு கொண்டுபோக வேண்டும், நல்ல திருகாணியாக நூறு பொறுக்கி வைத்துவிட்டேன். வியாழன் சாண் வைத்து மேஜையை அளக்கிறார்கள், வெள்ளி நாடகம். இதையெல்லாம் நான் சமாளிப்பேன். திங்களைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. அந்தப் பிள்ளைகள் தொப்பையைக் கட்டிக்கொண்டு தூங்கியவர்கள், ஒரு தையல் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். இவள் நோட்டைத் திறப்பதற்குள் "காது என்னாச்சு?" என்று ஒருவன் கேட்டுவிட்டால் போதும், இவள் பத்தாம் வகுப்பு வரை வாயைத் திறக்க மாட்டாள். ஆகவே சாம்பல் நிறத்தில் மெல்லிய துணியும் உள்பக்கத்துக்கு இளஞ்சிவப்பும் வைத்து, பழைய தையல் எப்படிப் போனதோ அப்படியே, அதைத் தைத்தவனே வந்து பார்த்தாலும் தெரியாதபடி தைத்து, தும்பிக்கையை நேராக்கி, நாளை சாயங்காலப் பார்சல் வண்டியில் திருப்பி அனுப்பு. காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடு.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். எதற்காக என்று கேட்டால் சொல்ல வேண்டாம், அவர் சிரிப்பது இங்கு வரை கேட்கும். எல்லா நலமும் வளமும் உங்கள் வீட்டில் நிறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: பெட்டியை ஒட்டப்போகும் நேரத்தில் டீச்சரிடமிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. காய்ச்சலால் நேற்று வராத ஒரு பையனுடைய முறையாம். அதனால் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போன தொப்பையையும் நோட்டையும் இன்று காணவில்லையாம். திங்கட்கிழமை நோட்டுப் படிப்பதற்குப் பதிலாக எல்லாரும் சேர்ந்து தொப்பையைத் தேடப் போகிறார்களாம். மகளைக் கூப்பிட்டு, "உன் முறைதானே?" என்றேன். "இல்ல. நான்தான் கடைசி" என்றாள். "அப்புறம் எப்படி வந்துச்சு?" என்றேன். "எல்லாரும் போயிட்டாங்கப்பா. அது ரெண்டு நாள் தனியா இருக்கணும். எங்கூட வர்றியான்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல" என்றாள். அக்கா, திருட்டுப் பொருளோடு எந்தத் தேதியில் எந்த மாடியில் நின்றேன் என்று நானே இரண்டு பக்கம் எழுதி, போட்டோ ஒட்டி, கையெழுத்தும் போட்டு வைத்திருக்கிறேன். மேலே சொன்னதையெல்லாம் மறந்துவிடு. காதைப் பழையபடி தைக்காதே. இரண்டு காதையும் நீளமாக வை, தும்பிக்கையை எடுத்துவிடு, வாலை உருண்டையாக்கு. முயல் மாதிரி இருந்தால் போதும். அவசரம், டேப்பைத் தேடி எடுத்து வந்து ஒட்டி அனுப்புகிறேன்.

அத்தை, இது நான். பென்சில்ல எழுதறேன். முயல் வேண்டாம். அப்பா டேப் தேடப் போனப்ப அவர் போன்ல நானே டீச்சர்கிட்ட பேசிட்டேன். யாரு பேசறதுன்னு டீச்சருக்குத் தெரியல, என் குரலை அவங்க கேட்டதே இல்லையாம். தொப்பையை எடுத்துட்டு வந்தது நான்னு சொன்னேன். அவங்க திட்டல. அந்தப் பையன்கிட்ட சாரி கேக்கச் சொன்னாங்க, கேக்கறேன். காதைப் பிச்சது அப்பான்னும், நோட்டுல ரெண்டு பக்கம் எழுதி வச்சதும் அப்பான்னும் சொன்னேன். திங்கட்கிழமை அப்பாவும் வகுப்புக்கு வரணுமாம். அந்த ரெண்டு பக்கத்தையும் அப்பாவே முன்னாடி நின்னு படிக்கணுமாம். அப்பாகிட்ட இன்னும் சொல்லல. அவருக்கு பயமா இருக்கும்.